கடலோர இரும்பைக் காப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடற்கரை மாவட்டங்களில் பாலங்கள், மீன்பிடித் துறைமுகங்கள், மின்கோபுரங்கள், தண்ணீர்த் தொட்டிகள் ஆகியவற்றைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும், பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர்களுக்கும், சாரத்தில் நின்று பிரஷ் பிடிக்கும் தொழிலாளர்களுக்கும்,



அடுத்த பராமரிப்பு டெண்டருக்காக நீங்கள் தயாரிக்கும் ஷெட்யூலைப் பற்றித்தான் இந்த மடல். 'பழைய பெயிண்டைச் சுரண்டி, பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட்' என்ற வரி அதில் பல காலமாக மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. அந்த வரியை மாற்றும்படி கேட்கவே எழுதுகிறேன். அரிப்புத் தடுப்பானை மிக நுண்ணிய கேப்சூல்களில் அடைத்துப் பெயிண்டுக்குள் கலந்து வைக்கும் முறை இப்போது ஆய்வகத்தைத் தாண்டி, சில நாடுகளில் விற்பனைக்கும் வந்துவிட்டது. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்து முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்கள்தான். நான் பூச்சுகளைச் சோதித்துப் பார்க்கும் தொழிலில் பல காலமாக இருப்பவன். எந்தப் பெயிண்ட் கம்பெனிக்காகவும் பேசவில்லை.

பாம்பன் பழைய ரயில் பாலத்தை உங்களில் பலர் கிட்டத்தில் பார்த்திருப்பீர்கள். 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயல் அதன் கர்டர்களைக் கடலில் தள்ளியது, இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் சீர்செய்து மறுபடி ரயில் விட்டார்கள். அந்தப் புயலையே தாண்டி வந்த பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. கப்பலுக்கு வழிவிட நடுவில் தூக்கித் திறக்கும் ஷெர்சர் பகுதியின் இரும்பைத் துரு தின்றிருந்தது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தாகிவிட்டது. பழைய பாலம் நூறாண்டுக்கு மேல் நின்றதற்குக் காரணம், உப்புக் காற்றில் தொங்கிக்கொண்டு விடாமல் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்த கைகள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அந்தப் பாலத்துக்குப் போகும் வழியில்தான், மண்டபத்தில், காரைக்குடி சிக்ரியின் அரிப்புச் சோதனை நிலையம் இருக்கிறது. சிக்ரி என்று நாம் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில் அமைந்தது. 1948இல் அடிக்கல், 1953இல் திறப்பு. துருவைப் பற்றி ஆராயும் பெரிய நிலையம் ஒன்று கடற்கரையிலிருந்து சில மணி நேரத் தொலைவில் இத்தனை காலமாக இருந்தும், நம் ஷெட்யூல்கள் பழைய வரியையே திருப்பி எழுதுவது எனக்கு வருத்தம்தான்.

முதலில் பெயிண்ட் எப்படித் தோற்கிறது என்று பார்ப்போம். பெயிண்ட் தண்ணீரைத் தடுக்கிறது என்று நம்மில் பலர் நம்புகிறோம். 1950களின் தொடக்கத்திலேயே மேய்ன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இதை அளந்து பார்த்தார். பெயிண்ட் படலத்தின் வழியாக உள்ளே போகும் தண்ணீரும் ஆக்சிஜனும், பூசாத இரும்பு துருப்பிடிக்கத் தேவைப்படும் அளவுக்கே இருந்தன. அப்படியானால் பெயிண்ட் எதைத் தடுக்கிறது? அயனிகளின் ஓட்டத்தை. துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. அதில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அயனிகள் போய்வர வேண்டும். நல்ல படலம் அந்தப் பாதையை அடைத்துவிடுகிறது. படலத்தில் ஒரு கீறல் விழுந்தால் பாதை திறந்துவிடுகிறது.

கீறல் விழாத பெயிண்டை நான் எந்தத் துறைமுகத்திலும் பார்த்ததில்லை. படகு உரசுகிறது, நங்கூரச் சங்கிலி இழுபடுகிறது, வெல்டிங் பொறி தெறிக்கிறது. எதுவுமே நடக்காவிட்டாலும் ஒரு போல்ட்டின் தலையைக் கிட்ட நின்று பாருங்கள். அறுகோண விளிம்பில் ஈரப் பெயிண்ட் தங்காமல் இருபுறமும் வழிந்துவிடும். தட்டையான தகட்டில் 200 மைக்ரான் காட்டும் மீட்டர், அந்த விளிம்பில் அதில் பாதி கூடக் காட்டாது. பழுப்பு நிறக் கோடு முதலில் அங்கேதான் தோன்றும். ஆறு மாதத்தில் அந்தக் கோட்டின் இருபுறமும் பெயிண்ட் லேசாக உப்பியிருக்கும். நகத்தால் நெம்பினால் ஒரு சில்லு அப்படியே கையோடு வரும். அதன் உட்புறம் ஈரமாக இருக்கும்.

அந்த ஈரத்துக்குள் நடப்பதைக் கவனித்தால் கேப்சூலின் வேலை புரிந்துவிடும். இரும்பு கரையும் இடத்தில் குளோரைடு சேர்ந்து அமிலத்தன்மை கூடுகிறது. ஆக்சிஜன் செலவாகும் இடத்தில், பெரும்பாலும் பெயிண்டின் ஓரத்துக்கு அடியில், காரத்தன்மை கூடுகிறது. அந்தக் காரம்தான் பெயிண்டுக்கும் இரும்புக்கும் இடையிலான பிடிப்பை விடுவிக்கிறது. அந்த இடைவெளியில் இன்னும் கொஞ்சம் உப்புநீர் புகுகிறது. துரு தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிப்பதால், மேலே இருக்கும் படலத்தையும் அது தள்ளித் தூக்குகிறது. கீறல் ஒரு மில்லிமீட்டர்தான். சேதம் உள்ளங்கை அகலம்.

இதற்குப் பழைய தலைமுறை கண்ட வழி குரோமேட். பிரைமரில் ஜிங்க் குரோமேட்டையோ ஸ்ட்ரான்ஷியம் குரோமேட்டையோ கலந்தார்கள். அது தண்ணீரில் கொஞ்சமாகக் கரையும். கீறலில் ஈரம் பட்டவுடன் குரோமேட் அயனி அங்கே போய்ச் சேர்ந்து, உலோகத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கி அரிப்பை நிறுத்தும். விமானங்களின் அலுமினியத்தைப் பல பத்தாண்டுகள் காத்தது இதுதான். வேலையைப் பொறுத்தவரை அதற்கு இணையான தடுப்பான் இன்றுவரை கிடைப்பது அரிது. அதை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் அது ஆறு இணைதிறன் குரோமியம். மனிதனுக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்ட பொருள். கீறல் விழாத இடத்திலும் மழையில் கரைந்து கசிந்துகொண்டே இருக்கும்; மறுபடி சுரண்டும்போது தூசியாகி மூச்சில் போகும். ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, நிலத்தடி நீரை என்ன செய்தது என்று நாம் அறிவோம். அங்கே கசிந்ததும் இதே ஆறு இணைதிறன் குரோமியம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜனவரியிலிருந்து தனி அனுமதி இல்லாமல் ஸ்ட்ரான்ஷியம் குரோமேட்டைப் பயன்படுத்த முடியாது. நம் ஊரிலோ 'ரெட் ஆக்சைடு ஜிங்க் குரோம் பிரைமர்' ஐ.எஸ். 2074 என்ற எண்ணோடு அரசு ஷெட்யூல்களில் எத்தனையோ ஆண்டுகளாக இடம்பிடித்திருக்கிறது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக்கூடாது என்று 2016இல் விதி வந்தது. அந்த விதி வீட்டுப் பயன்பாட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டுகளோடு நின்றுவிட்டது.

சாரத்தில் நிற்கும் தோழர்களே, பழைய பாலத்தில் சுரண்டும்போது அடியில் பச்சை கலந்த மஞ்சளோ, ஆரஞ்சுச் சிவப்போ தென்பட்டால், அது குரோமேட்டாகவோ ஈயச் செந்தூரமாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த நிலையில் எமரி போட்டுத் தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, தகுந்த வடிகட்டி உள்ள முகக்கவசத்தைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுக்க வேண்டியது ஒப்பந்ததாரர். கொடுத்தாரா என்று பார்க்க வேண்டியது பொறியாளர். அந்தத் தூசியோடு யாரும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கக்கூடாது.

குரோமேட்டை விட்டுவிட்டு வேறு தடுப்பானைக் கலந்தால் என்ன என்று கேட்பீர்கள். பாஸ்பேட், மாலிப்டேட், சீரியம் உப்புகள், பென்சோட்ரையசோல் போன்ற கரிமச் சேர்மங்கள் என்று பல உண்டு. அவற்றை அப்படியே பெயிண்டில் கொட்டிக் கலக்கியவர்கள் பட்ட சிரமங்கள் ஏராளம். சில தடுப்பான்கள் எபாக்ஸியின் ஹார்டனரோடு வினைபுரிந்து பூச்சையும் கெடுத்துத் தாங்களும் வீணாகின்றன. நன்றாகக் கரையும் உப்புகள் படலத்துக்குள் தண்ணீரை இழுத்துக் கொப்புளம் உண்டாக்குகின்றன. கரையாதவை தேவைப்படும் நேரத்தில் வெளியே வருவதில்லை. எல்லாம் சரியாக அமைந்தாலும், முதல் இரண்டு மழைக்காலத்திலேயே பெரும்பகுதி கசிந்து போய்விட்டால், ஐந்தாம் ஆண்டில் விழும் கீறலுக்கு ஒன்றும் மிஞ்சாது.

கேப்சூல் தீர்க்க வந்தது இந்தச் சிக்கலைத்தான். வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரையும்படி மேலுறை போட்ட மாத்திரைகளை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். வயிற்றின் அமிலத்தைத் தாங்கி, குடலின் மாறுபட்ட நிலையில் திறக்கும் உறை அது. இங்கேயும் ஏறக்குறைய அதே வேதியியல். அரிப்பு தொடங்கும் இடத்தில் அமிலமோ காரமோ கூடுகிறது என்று சொன்னேன் அல்லவா? அந்த மாற்றம் பட்டால் மட்டும் திறக்கும் உறைக்குள் தடுப்பானை வைத்துவிட்டால், கீறல் விழும் நாள்வரை அது சும்மா கிடக்கும். விழுந்த நாளில், விழுந்த இடத்தில் மட்டும் வெளியே வரும்.

2001இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வைட், சோட்டோஸ் ஆகியோரின் குழு, தானே ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக்கை 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. யூரியா–பார்மால்டிஹைடு உறைக்குள் திரவத்தை அடைத்து எபாக்ஸியில் கலந்திருந்தார்கள். விரிசல் ஓடும்போது கேப்சூல் உடைந்து திரவம் விரிசலை நிரப்பியது. பூச்சுத் துறைக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிலையத்தின் ஷுகின், மோவால்ட் குழுவினர் சிலிக்கா நுண்துகளின் மேல் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட பாலிமர்களை அடுக்கடுக்காகப் பூசி, இடையில் பென்சோட்ரையசோலை வைத்தார்கள். அரிப்பு தொடங்கி அமிலகாரநிலை மாறினால் அடுக்குகள் தளர்ந்து தடுப்பான் வெளியேறும். அலுமினியத்தில் கீறல் போட்டு உப்புநீரில் வைத்தும் அது வேலை செய்தது.

எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. ஒன்று ஹாலோசைட். இயற்கையில் கிடைக்கும் ஒருவகைக் களிமண். நுண்ணோக்கியில் பார்த்தால் சுருட்டிய குழாய்களாக இருக்கும். உள்விட்டம் ஏறத்தாழ 15 நானோமீட்டர், நீளம் ஒரு மைக்ரான் அளவு. வெற்றிடத்தில் வைத்து உள்ளே தடுப்பானை ஏற்றி, குழாயின் முனைகளை அடைத்துவிடுகிறார்கள். களிமண் என்பதால் நஞ்சும் இல்லை, பெரிய விலையும் இல்லை. மற்றொன்று அடுக்கு இரட்டை ஹைட்ராக்சைடு என்ற களிமண் போன்ற பொருள். இதன் அடுக்குகளுக்கு இடையில் எதிர்மின் அயனிகள் தங்கும். அங்கே தடுப்பானை உட்கார வைத்திருப்பார்கள். கடலுப்பின் குளோரைடு வந்தால் அதை உள்ளே இழுத்துக்கொண்டு தடுப்பானை வெளியே விடும். துருவைத் தூண்டும் பொருளைப் பிடித்து வைப்பதும் துருவைத் தடுக்கும் பொருளைக் கொடுப்பதும் ஒரே வினையில் முடிகிறது. நம் கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை ஒன்றை நான் பார்த்ததில்லை.

பெரிய கட்டுமானங்களுக்காக இதை யோசித்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்தினர். அட்லாண்டிக் கடலோரம், உப்புக் காற்று, அதோடு பூஸ்டர் ராக்கெட்டுகளின் புகையில் வரும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஏவுதளத்து இரும்புக்கு இதைவிடச் சோதனை வேண்டியதில்லை. 1960களிலிருந்து அங்கே கடற்கரையில் தகடுகளை நிறுத்தி வைத்துப் பூச்சுகளைச் சோதிக்கிறார்கள். அங்குள்ள அரிப்பு ஆய்வகத்தை நடத்திய லுஸ் மரீனா காயே குழுவினர், காரத்தன்மை கூடினால் திறக்கும் கேப்சூல்களை உருவாக்கினார்கள். தடுப்பானோடு நிறம் காட்டும் பொருளையும் அவற்றில் வைத்துப் பார்த்தார்கள். பள்ளி ஆய்வகத்தில் நாம் பார்த்த பினாப்தலீன்தான். துரு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்த இடம் இளஞ்சிவப்பாக மாறிக் காட்டிக்கொடுக்கும். கோபுரத்தின் உச்சியில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டார்ச் அடித்துத் தேடும் ஆய்வாளருக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

இனி இதன் குறைகள். இவற்றை விற்பனையாளர் சொல்ல மாட்டார் என்பதால் நான் சொல்ல வேண்டும்.

ஒரு கேப்சூல் ஒருமுறைதான் வேலை செய்யும். அதே இடத்தில் மறுபடி அடிபட்டால் அங்கே தடுப்பான் இருக்காது. நங்கூரம் உரசி உள்ளங்கை அளவு பெயிண்ட் பெயர்ந்து போனால் எந்தக் கேப்சூலாலும் ஒன்றும் செய்ய முடியாது. இது மெல்லிய கீறலுக்கும் ஊசித்துளைக்கும் விளிம்பு விரிசலுக்கும் ஆனது. கேப்சூல் பெரிதாக இருந்தால் பூச்சின் கனத்தையே தாண்டிவிடும்: 75 மைக்ரான் பிரைமருக்குள் 60 மைக்ரான் கேப்சூலைப் போட்டால் அதுவே ஓட்டையாகிவிடும். அளவுக்கு மிஞ்சிக் கலந்தாலும் படலம் நுரைபோல் ஆகித் தண்ணீர் உள்ளே வரும். பாலிமர் உறைகள் தின்னரில் ஊறி இளகலாம், ஏர்லெஸ் பம்பின் அழுத்தத்தில் உடையலாம். டப்பாவைத் திறந்து கண்டபடி தின்னரை ஊற்றிக் கலக்கும் பழக்கத்தை இந்தப் பெயிண்டில் வைத்துக்கொள்ளவே கூடாது. ஒரு உலோகத்துக்கு உகந்த தடுப்பான் இன்னொன்றுக்கு உதவாமல் போகும் என்பதையும் பாருங்கள். பென்சோட்ரையசோல் தாமிரத்துக்கு மிக நல்லது, அலுமினிய உலோகக்கலவைகளுக்கும் உதவும். இரும்புப் பாலத்துக்கு வாங்கும்போது, உள்ளே இருக்கும் தடுப்பான் இரும்புக்கானதா என்று எழுத்தில் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இதைச் சாக்கிட்டு மேற்பரப்புத் தயாரிப்பில் சமரசம் செய்துவிடாதீர்கள். துருவின் மேலும் உப்பின் மேலும் அடித்த எந்தப் பெயிண்டும் நிற்காது. அதற்குள் கேப்சூல் இருந்தாலும் இதே கதைதான். அரிப்பால் உலகத்துக்கு ஆகும் செலவு ஆண்டுக்கு 2.5 டிரில்லியன் டாலர், அதாவது உலக மொத்த உற்பத்தியில் 3.4 சதவீதம் என்று நேஸ் அமைப்பு 2016இல் கணக்கிட்டது. ஏற்கெனவே கையில் இருக்கும் முறைகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே அதில் 15 முதல் 35 சதவீதம் மிச்சமாகும் என்றும் அதே ஆய்வு சொன்னது. பிளாஸ்டிங் செய்து எஸ்.ஏ. 2½ தரத்துக்குக் கொண்டுவருவது, பிளாஸ்டிங் முடிந்தபின் உப்பு எவ்வளவு மிச்சம் என்று பிரெஸ்லே ஒட்டுப்பட்டை வைத்து அளப்பது, விளிம்புக்கும் வெல்டிங் தையலுக்கும் முதலில் பிரஷ்ஷால் ஸ்ட்ரைப் கோட் கொடுப்பது: இவை இல்லாத இடத்தில் கேப்சூல் பெயிண்டை வாங்காதீர்கள், பணம் வீண்.

இவற்றையெல்லாம் தெரிந்தபின்னும் நான் ஏன் ஷெட்யூலை மாற்றச் சொல்கிறேன்? பெயிண்டின் விலையைவிடச் சாரம் கட்டுவதற்கும், பிளாஸ்டிங்குக்கும், ஆளுக்கும், போக்குவரத்தை நிறுத்துவதற்கும் ஆகும் செலவு பெரிது என்பது உங்கள் பில்களிலேயே இருக்கிறது. அந்தச் செலவை ஒருமுறை தள்ளிப்போட முடிந்தால், லிட்டருக்குச் சில நூறு ரூபாய் கூடுவது ஒரு பொருட்டே இல்லை. குறைந்த விலைப்புள்ளிக்கு வேலை என்று டெண்டர் இருக்கும்வரை இந்தக் கணக்கு எடுபடாது. எனவே விலையை லிட்டருக்குக் கேட்காமல், ஐ.எஸ்.ஓ. 12944 சொல்லும்படி நம் கடற்கரையின் சி5 அல்லது சி.எக்ஸ். சூழலில் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்டு, அந்த ஆண்டுகளால் வகுத்து ஒப்பிடுங்கள். சோதனை அறிக்கையிலும் கவனம் வேண்டும். 5 சதவீத உப்புநீரை 35 டிகிரியில் இடைவிடாமல் தெளிக்கும் சோதனையில் பூச்சு எத்தனை மணி நேரம் தாங்கியது என்பதை மட்டும் பெருமையாகக் காட்டுவார்கள். நம் கடற்கரையில் வெயில் காய்கிறது, இரவில் பனி இறங்குகிறது, மறுபடி உப்புத் தூறல். புற ஊதா ஒளியும் உப்பும் மாறி மாறி வரும் சுழற்சிச் சோதனையின் முடிவைக் கேளுங்கள். கீறல் போட்ட தகட்டில் கீறலிலிருந்து துரு எத்தனை மில்லிமீட்டர் ஊர்ந்தது என்ற எண்ணைக் கேளுங்கள். கேப்சூல் பெயிண்டின் மதிப்பு அந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறது. கேப்சூல் சேர்க்காத அதே பெயிண்டின் எண்ணையும் பக்கத்தில் வைத்துக் கொடுக்காத கம்பெனியின் விலைப்புள்ளியை ஏற்காதீர்கள்.

ஷெட்யூலில் குரோமேட் உள்ள பிரைமர் எங்கே இருந்தாலும் அதை இந்த ஆண்டே நீக்கிவிடுங்கள். அதற்குக் கேப்சூல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜிங்க் பாஸ்பேட் பிரைமரும், ஜிங்க் ரிச் எபாக்ஸியும் கடைகளில் இருக்கின்றன. கேப்சூல் பெயிண்டைப் பொறுத்தவரை முழுப் பாலத்துக்கும் ஒரேயடியாகப் போகச் சொல்ல மாட்டேன். அடுத்த வேலையில் ஒரு ஸ்பானை ஒதுக்குங்கள். பாதிக்கு வழக்கமான முறை, பாதிக்குக் கேப்சூல் சேர்த்த பிரைமர். சுத்தம் செய்வதும் கனமும் மேல் கோட்டும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். அதே பூச்சுகள் கொடுத்த சிறு தகடுகளைப் பக்கத்தில் கட்டி, அவற்றில் பிளேடால் இரும்பு தெரிய ஒரு எக்ஸ் போடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் படம் எடுத்து, ஊர்ந்த தூரத்தை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். சிக்ரியிடம் தகடுகளை அனுப்பி மின்தடைச் சோதனையும் செய்து தரக் கேளுங்கள். மூன்று ஆண்டு அளவுகள் சேர்ந்தால் எந்த விற்பனையாளரின் பேச்சும் உங்களுக்குத் தேவைப்படாது. கிடைத்த எண்கள் சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும் கோப்பில் பூட்டிவைக்காமல் பக்கத்து மாவட்டத்துப் பொறியாளருக்கும் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவன்